ஆவடி காக்காப்பொன் மேட்டில் ஏழு நாட்கள்

சென்னைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் கொழும்பில் எங்கள் ஒழுங்கையில் இருந்த நாலு வீட்டுக்காரரும் சேலை வாங்கி வரச் சொன்னார்கள். நான் போனது கல் பார்க்க. அதுவும் நல்ல கல் இல்லை. யாரோ தோண்டி, வேண்டாமென்று எறிந்துவிட்டுப் போன கல்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். ஆவடியில் பட்டாளத்துக்குப் பெரிய கிடங்குகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏரியை ஒட்டிய பள்ள நிலத்தை மேடாக்க மண் போதவில்லை. நெல்லூர்ச் சீமையில் கைவிடப்பட்ட மைக்கா சுரங்கங்களின் வாயில் குவிந்து கிடந்த கழிவுக் கல்லை ரயில் வேகன்களில் ஏற்றிவந்து கொட்டினார்கள். மைக்கா என்பது ஊரார் காக்காப்பொன் என்கிறார்களே, அதுதான். அந்தக் கழிவில் பெரில் என்ற இளம்பச்சைக் கல் கலந்திருக்கலாம் என்று ஓர் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. பெரிலிலிருந்து எடுக்கும் உலோகத்தைச் சிறிதளவு செம்பில் கலந்தால் அந்தச் செம்பு எஃகைப் போல உறுதியாகிவிடும். ஆகாய விமானத்துக் கருவிகளில் இருக்கும் சின்னச் சின்ன சுருள்வில்களுக்கு அது வேண்டும். யுத்தத்துக்கு முன்னால் யாரும் திரும்பிப் பார்க்காத கல்லை அப்போது உலகமெங்கும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சென்னையில் கல் அறிந்தவர்கள் எல்லாம் வேறு யுத்த வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அதனால் கொழும்புப் பரிசோதனைச் சாலையில் இரத்தினக்கல் மணலைச் சலித்துக்கொண்டிருந்த என்னை அனுப்பினார்கள். அந்தப் பழைய சுரங்கக் கழிவைத் திரும்பக் கிளறுவதில் பிரயோசனம் உண்டா, இல்லையா என்பதே கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஏழு நாள். அதற்குப் பிறகு மேட்டின்மேல் தார் ரோடு வந்துவிடும்.

திங்கட்கிழமை காலை அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கியபோது ஓவர்சியர் நரசிம்மலு குடையோடு நின்றிருந்தார். ஆவடி மேட்டு வேலை அவர் பொறுப்பு. நான் தங்க ஏற்பாடாகியிருந்ததும் அவர் வீட்டில்தான். பேச்சு குறைவு. என் பெட்டியை அவரே வாங்கி சைக்கிளின் பின்னால் கட்டினார். வீட்டில் அவர் மனைவி புளிச்சகீரைத் துவையலும் கேழ்வரகுக் களியும் வைத்தார். "ரேஷன் அரிசி வாரத்தில் மூன்று நாளைக்குத்தான் வருகிறது. விருந்தாளிக்குக் களி போடுகிறோம் என்று நினைக்காதீர்கள்" என்று அவர் தெலுங்கில் சொன்னதை நரசிம்மலு எனக்குத் தமிழில் சொன்னார். கொழும்பில் நாங்கள் அப்போது மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். அந்தக் களியையும் துவையலையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

என் பெட்டியைத் திறந்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. கல்லின் கடினத்தைக் கீறிப் பார்க்கும் சோதனைக் கற்களும் அமிலச் சீசாக்களும் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. ரயிலில் சிப்பாய் ஒருவர் தன் இரும்புப் பெட்டியை அதன்மேல் போட்டு, அதன்மேல் தானும் உட்கார்ந்து வந்திருக்கிறார். உள்ளே கண்ணாடித் தூளும் கல் பொடியும்தான் மிச்சம்.

மத்தியானம் ஆவடிக்குப் போனோம். சிப்பாய்கள் அடைத்த ரயிலில் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் போக முடிந்தது. மேட்டை முதலில் பார்த்தபோது கண் கூசியது. ஏரிக்கரைக்குக் கீழே நீண்டு கிடந்த குவியல்கள் வெயிலில் பளபளத்தன. அங்கே நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெரிய கற்களைச் சுத்தியலால் சில்லாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைமயிரிலும் புருவத்திலும் கைகளிலும் காக்காப்பொன் தூள் அப்பியிருந்தது. யாராவது திரும்பினால் முகம் மின்னியது. கல்யாண வீட்டில்கூட இத்தனை மினுக்கத்தை நான் பார்த்ததில்லை.

வரிசையின் தலைப்பில் இருந்தவள் கன்னியம்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து வரும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. நான் யாரென்று ஓவர்சியர் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இங்க வேலை எப்பவும் இப்பிடித்தான் நடக்குமோ?" என்று கேட்டேன்.

"ஆமா. காலைல வந்தா பொழுது சாஞ்சுதான் போவோம். கல்லு பாக்கவா வந்துகீறீங்க?"

"ஓம்."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"சாப்ட்டீங்களா?"

"ஓம்."

"இன்னாங்க, எதக் கேட்டாலும் சாமி பேரையே சொல்லிகினு கீறீங்க?"

எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்றுதான் சொல்வோம் என்று விளக்கினேன். "அப்ப நல்ல ஊருதான்" என்றாள். "ஆமா சொல்றப்பல்லாம் புண்ணியம் சேருது." வரிசை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து மேட்டில் எனக்கு ஓம் அய்யா என்று பேராகிவிட்டது.

மறுநாளிலிருந்து மூன்று நாள் வேலை. குவியலைப் பல இடங்களில் வெட்டி, எடுத்ததைக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைக் கொட்டிவிட்டு மற்றதை மறுபடி குவிக்க வேண்டும். கடைசியில் ஒரு கூடை மிஞ்சும். அதைக் கல் கல்லாகப் பார்க்க வேண்டும். படித்த நாளிலிருந்து இந்த முறையின்மேல் எனக்கு அசையாத நம்பிக்கை.

கன்னியம்மாள் புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் வந்து நின்று பார்த்தாள். கையில் கூழ்ச்சட்டி. இன்னொரு கையில் சுட்ட நெத்திலிக் கருவாடு.

"எதுக்கு அய்யா பாதிய கொட்டிட்டு பாதிய வெச்சுக்கிறீங்க?"

"முழு மேட்டையும் பாக்க ஏலாது. ஒரு கூடையைச் சரியா எடுத்தா, மேடு முழுக்க எப்பிடி இருக்குமெண்டு தெரிஞ்சிடும்."

"யாரும் கை வெக்காம கெடந்தா சரிதான்" என்றாள். என் கையில் ஒரு கருவாட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். கருவாடு அருமையாக இருந்தது. அவள் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வியாழன் மாலைவரை பார்த்ததில் வெள்ளைப் படிகக் கல் ஏராளம், மங்கிய செந்நிறக் கல் ஏராளம், காக்காப்பொன் துண்டுகள் சொல்லவே வேண்டாம். பச்சையாக இருந்தவை மூன்றே மூன்று சில்லுகள். சுண்டுவிரல் நகத்தளவு. அவையும் பெரில்தானா, வெறும் பச்சைப் படிகமா என்று சொல்ல என்னிடம் சோதனைக் கல் இல்லை. எப்படியிருந்தாலும் மூன்று சில்லுக்காக யாரும் சுரங்கக் கழிவைக் கிளற மாட்டார்கள். அன்று மாலை நரசிம்மலு வீட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். கழிவில் குறிப்பிடத்தக்க பெரில் இல்லை, நெல்லூர்க் கழிவு மேடுகளை மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை என்று முடித்தேன். உறையை ஒட்டி அவரிடம் கொடுத்தேன். சனிக்கிழமை காலை ரயிலில் அவர் பட்டணத்து ஆபீசுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

ஆனாலும் பேர் தெரியாத பச்சைக் கல் என்று எழுதியது உறுத்தியது. நரசிம்மலுவிடம் சொன்னேன். "பூந்தமல்லியில் காதர் பாய் என்று ஒருவர் இருக்கிறார். மோதிரக் கல் பட்டை தீட்டுவார். நாளைக்குப் போய்க் காட்டுங்கள், உங்கள் மனசுக்காக" என்றார்.

வெள்ளிக்கிழமை நரசிம்மலு எழுதிக்கொடுத்த வழியில் பட்டணம் போய் அங்கிருந்து பூந்தமல்லி பஸ் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் ஓர் உயரமான இரும்பு அடுப்பைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். இலங்கையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே பயணிகள் உட்கார்ந்து வருவார்கள். இங்கே வேலப்பன்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமி நின்றதும், கண்டக்டர் யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். எல்லாரும் கடமைபோல இறங்கினார்கள்.

"கரி ஈரம்" என்றார் டிரைவர். "வெறும் வவுத்துல மாட்ட ஏர் ஓட்டுனா எப்டி ஓடும்? ஆளுக்குக் கொஞ்சம் சுத்துங்க."

அடுப்பின் பக்கத்தில் காற்று ஊதும் சக்கரம் ஒன்று இருந்தது. வக்கீல் குமாஸ்தா மாதிரி இருந்தவர் சுற்றினார், மூக்குத்தி போட்ட காய்கறிக்காரி சுற்றினாள், பிறகு நான் சுற்றினேன். நான் சுற்றியபோது அடுப்பின் வாயிலிருந்து கரும்புகை ஒரு மூச்சு வந்து என் முகத்தில் அடித்தது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

"நைனா, மூஞ்சிய தொடச்சுக்க. ஊடு போனா புள்ளைங்க பயந்துக்கும்" என்று காய்கறிக்காரி தன் முந்தானையை நனைத்துக் கொடுத்தாள். முன்பின் தெரியாத ஒருத்திக்கு அந்தக் கை எப்படி அவ்வளவு இயல்பாக நீண்டது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மிச்ச தூரத்தை நடந்தோம். இடது பக்கம் நூம்பல் வயல்கள் பச்சையாக விரிந்து கிடந்தன. எங்கள் யாழ்ப்பாணத்தில் கிணற்றில் துலாவில், அதாவது ஏற்றத்தில், ஏறி மிதித்து இறைத்த தண்ணீர்தான் பயிருக்கு. இங்கே வாய்க்காலில் தண்ணீர் தானாகச் சலசலத்துப் போய்க்கொண்டிருந்தது. கூட வந்த குமாஸ்தா, மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி கடல் மாதிரி இருக்கும், ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். நேரமில்லை என்றதற்கு என்னைவிட அவர்தான் வருத்தப்பட்டார்.

காதர் பாயின் கடை பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் இருந்தது. ஜும்மா முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நாற்பது வயது, மெலிந்த உடம்பு, கட்டைவிரல் இரண்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தன. யுத்தத்தில் மோதிரம் கேட்பாரில்லாததால் பட்டாளத்து ஆஸ்பத்திரிக் கத்திகளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொல்வதற்கு முன்னால், "மொதல்ல சாப்டுங்க" என்று இடியாப்பமும் பாயாவும் வைத்துவிட்டார். எங்கள் வீட்டு இடியாப்பம் உள்ளங்கை அளவு, தேங்காய்ப்பால் சொதியில் நனைத்தால் கரையும். இது தட்டை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆட்டுக்கால் சாறு அதற்குள் இறங்கிய விதத்தைப் பற்றி எழுதினால் என் மனைவி கோபிப்பாள்.

சாப்பிட்ட பிறகு மூன்று சில்லுகளையும் உள்ளங்கையில் கொட்டினேன். பாய் ஒரு படிகக் கல்லை எடுத்து, அதன் வழவழப்பான பக்கத்தில் என் சில்லால் அழுத்திக் கோடு போட்டார். எச்சில் தொட்டுத் துடைத்தார். கோடு அப்படியே இருந்தது. படிகத்தைக் கீறுகிற பச்சைக் கல். அவர் அத்தோடு விடவில்லை. படிகத்தைச் சாணையில் ஐம்பது எண்ணும்வரை பிடித்தார், பிறகு சில்லை ஐம்பது எண்ணும்வரை பிடித்தார். படிகம் தேய்ந்த அளவில் பாதிகூடச் சில்லு தேயவில்லை.

"மூணும் ஒரே சாதி. படிகம் இல்ல" என்றார். "இது சாணைய துன்ற கல்லு. இந்தக் கல்ல நான் முன்னாடியே பாத்துகீறேன்."

"எங்கை பாத்தியள்?"

"ஆறு மாசம் இருக்கும். ஆவடி பக்கத்துலேர்ந்து ஒரு பொம்பள கொண்டாந்துச்சு. தேங்கா பெருசுக்கு. ஆறு பட்டை, செதுக்கி வெச்ச மாரி. மோதிரத்துக்கு ஆவுமான்னு கேட்டுச்சு. உள்ளாற பூரா மேகம். ஆவாதும்மான்னு சொன்னேன். சரி, அடுப்புக்குத்தான் ஆவும்னு சொல்லிட்டு எடுத்துகினு போயிடுச்சு."

தேங்காய் அளவு. நான் எழுந்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் புதன்கிழமை மத்தியானம் கருவாட்டோடு கேட்ட வார்த்தை காதுக்குள் வந்து விழுந்தது. யாரும் கை வெக்காம கெடந்தா சரிதான். நான் நாலு பங்காகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தது, ஏற்கெனவே பொறுக்கி எடுத்த மேட்டை.

பாய் கடையைச் சாத்திவிட்டு அவரே போய் ஒரு ஜட்கா பிடித்துவந்தார். குதிரை பருத்திப்பட்டு ஏரிக்கரை ஏற்றத்தில் நின்றுவிட்டது. வண்டிக்காரரும் நானும் இறங்கிச் சக்கரத்தைத் தள்ளினோம். குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கியிருந்தது. பெண்கள் வேலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒவ்வொரு குடிசை வாசலிலும் மூன்று கல் அடுப்பு. நான் குனிந்து பார்த்தேன். உட்புறம் கரி பிடித்துக் கறுப்பு. வெளிப்புறம் இளம்பச்சை. ஆறு பட்டையாக, செதுக்கி வைத்த மாதிரி. சில கற்கள் என் தொடைப் பருமன். அடுத்த குடிசையிலும் அதுவே. அதற்கடுத்த குடிசையிலும் அதுவே. கொழும்பு மியூசியத்தில் கண்ணாடிக்குள் பூட்டிவைத்த பெரில் படிகம் கட்டைவிரல் நீளம். இங்கே அவற்றின்மேல் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.

கன்னியம்மாள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கல்லை ஏன் எடுத்தனியள்?" என்று கேட்டேன்.

"வெள்ளக் கல்ல அடுப்புல வெச்சா படார்னு வெடிக்கும். முனியம்மா புள்ளைக்கி ஒருக்கா நெத்தில பட்டு ரத்தம். பச்ச வெடிக்காது. எத்தினி நெருப்பு போட்டாலும் கம்முனு கெடக்கும். அதுவுமில்லாம ஒடைக்கவும் முடியாது. சுத்திய எகிறிகினு வரும். கைதான் போவும். தூக்கி அப்பால போடுன்னு ஓவர்சியரே சொன்னாரு. போட்டத எடுத்துகினு வந்தோம்."

"எல்லாக் கல்லையுமோ?"

"கண்ணுல பட்டதெல்லாம்." அவள் குரல் இறங்கியது. "எழுதப்போறீங்களா?"

ஏரோப்ளேனுக்காகத் தேடுகிற கல் இதுதான் என்றேன்.

"போன மாசம் கிடங்குலேர்ந்து ஒரு கிழிஞ்ச சாக்கு எடுத்தான்னு எங்க சின்ன மாமன புடிச்சுகினு போனாங்க. இன்னும் வரல. சாக்குக்கே அப்டின்னா, ஏரோப்ளேன் கல்லுக்கு இன்னா பண்ணுவாங்க? நாப்பது ஊடு கீது இங்க. எல்லா ஊட்லயும் இதான்."

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள். எழுதாவிட்டால், இருப்பதை இல்லை என்று சொன்ன என் அறிக்கை நாளைக் காலை ரயிலேறும். கற்களும் இருக்கும், அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். நெல்லூர்ச் சுரங்க மேடுகள் மட்டும் மறுபடி மண்ணாகப் போகும். எழுதினால், நான் நாலு நாளாக உட்கார்ந்து கருவாடு வாங்கித் தின்ற பெண்களைத் தேடிப் போலீஸ் வரும்.

"நாளைக்குக் காலமை ஓவர்சியரிட்டைக் கதைச்சுப்போட்டு வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் கல்லை மறைக்க வேண்டாம்" என்றேன். நான் சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலை நரசிம்மலு சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் சொன்னேன். உறை அவர் கையில் இருந்தது. அவரை மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பச்சைக் கல்லைத் தூக்கிப் போடச் சொன்னவர் அவர்தானே. அவர் மனைவி உள்ளேயிருந்து ஏதோ கேட்டார். "நான் சொல்லித்தான் எடுத்தார்கள் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன்" என்று நரசிம்மலு தெலுங்கில் அவருக்குச் சொன்னார். எனக்கு அந்த அளவுக்குத் தெலுங்கு புரிந்தது. உறையை என்னிடம் நீட்டினார். நான் கிழித்தேன்.

அவர் எழுதியது நாலே வரி. உடைபடாத கல்லை ஒதுக்கிப் போடச் சொன்னது தன் உத்தரவு, ஒதுக்கிய கல்லை எடுத்துக்கொள்ள அனுமதித்ததும் தானே, பெண்கள்மேல் குற்றமில்லை. இரண்டாவது விஷயம் உண்மையில்லை. எடுத்துப்போனது அவருக்குத் தெரியவே தெரியாது. வேலை போகலாம் என்று தெரிந்தே எழுதினார். அத்தனை நாளும் நான் அவரைப் பேசத் தெரியாத மனிதர் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் நேரே போய்ப் பார்த்த பட்டாளத்துக் கேப்டன், கிடங்கு வேலைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர். கூடாரத்தில் உட்கார்ந்து நரசிம்மலுவின் காகிதத்தையும், குடிசைகளில் கண்டதை நான் எழுதிய காகிதத்தையும் படித்தார். பிறகு அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அப்படியானால் உங்கள் மூன்று நாள் வேலை வீண், அந்தப் பெண்களின் ஆறு மாத வேலைதான் சரி. அப்படித்தானே?"

ஆமாம் என்றேன். கையால் பொறுக்கி ஆறு மாதமாகச் சேர்த்த கல் அப்படியே இருக்கிறது, இவ்வளவு சுத்தமாகப் பிரித்த சாமானை எந்த இயந்திரமும் கொடுக்காது, திருட்டு என்று எழுதினால் பாதி கல் ஏரிக்குள் போய்விடும் என்றும் சொன்னேன். அவர் நரசிம்மலுவின் காகிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "நாளைக்குக் கொண்டுவந்து நிறுத்துக் காட்டுங்கள்" என்றார். அந்தக் காகிதத்தைப் பற்றிப் பிறகு யாரும் கேட்கவில்லை.

செய்தியைக் கன்னியம்மாளிடம் நரசிம்மலுவே போய்ச் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்: "கல்ல குடுத்துட்டா பொழுது சாஞ்சி எதுல ஒல வெக்கிறது?" அவர் சூளைக்கு ஆளனுப்பி ஒரு வண்டி செங்கல் வரவழைத்தார். குடிசை குடிசையாக இறக்கிய பிறகுதான் பெண்கள் அடுப்பைப் பிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரைமேல் அவர்கள் வரிசையாக வந்த காட்சியை மறக்க முடியாது. தலையில் சும்மாடு, அதன்மேல் பச்சைக் கல். இரண்டு பேர் சேர்ந்து மூங்கிலில் கட்டித் தூக்கிவந்த கல்லும் உண்டு. பக்கத்து விறகுக் கடையின் பெரிய தராசை மரத்தில் கட்டி நிறுத்தோம். கணக்கு இங்கே வேண்டாம். நிறுத்து முடிக்க மத்தியானமாகிவிட்டது என்று சொன்னால் போதும். காதர் பாய் சைக்கிளில் வந்திருந்தார். சந்தேகப்பட்ட கற்களை ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்து நாலைந்தை மட்டும் தள்ளினார். மற்ற எல்லாம் பெரில்.

ஆனால் எனக்கு இன்னொரு முடிச்சு இருந்தது. கழிவு வந்தது நாலு சுரங்கங்களிலிருந்து. எல்லாவற்றையும் ஒரே மேட்டில் கொட்டிக் கலந்தாகிவிட்டது. எந்தச் சுரங்கத்தின் கழிவைக் கிளற வேண்டும் என்று சொல்லாவிட்டால் என் அறிக்கைக்குப் பாதி மதிப்புத்தான். எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டதைக் கன்னியம்மாள் கேட்டுவிட்டாள்.

"எல்லா வண்டிலயும் வரல. கருப்பு வண்டில மட்டும்தான் வந்துது."

"கறுப்பு வண்டியெண்டா?"

"மொதல்ல வந்த வண்டி எல்லாம் வெள்ளக் காக்காப்பொன்னு. அதுல பச்ச கெடையாது. அப்பால செவப்பு மண்ணோட வந்துது. அதுல ஒண்ணு ரெண்டு. பொங்கலுக்கு அப்பறம் கருப்புக் காக்காப்பொன்னோட ஒம்பது வண்டி வந்துது பாருங்க, அதுல அள்ள அள்ள பச்ச. மாசி பொறந்ததும் நின்னு போச்சு. அத எறக்குனது நாங்கதான். கருப்புல கை வெச்சா மூணு நாளைக்கி நகத்துல போவாது."

நரசிம்மலு வேகன் பதிவேட்டைக் கொண்டுவந்து பக்கம் புரட்டினார். பொங்கல் கழிந்து, மாசிக்கு முன்னால், நெல்லூர்ச் சீமையில் கூடூர்ப் பக்கத்து ஒரே ஒரு ஸ்டேஷனிலிருந்து வந்த வேகன்கள். எண்ணினார். ஒன்பது. பதிவேட்டை மூடாமல் அப்படியே கன்னியம்மாள் பக்கம் திருப்பிப் பிடித்தார். படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பிடித்தார். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அதான் சொன்னேனே" என்றாள்.

அன்று மாலை புது அறிக்கை எழுதினேன். நாலில் எந்தச் சுரங்கம், அதன் கழிவில் பெரில் எவ்வளவு எதிர்பார்க்கலாம், இயந்திரம் வேண்டாம், சுத்தியலோடு பெண்களை உட்காரவைத்தால் போதும் என்றெல்லாம் எழுதினேன். எப்படி அறிந்தேன் என்ற இடத்தில் கன்னியம்மாள் பெயரை எழுதி, அவளும் கூட இருந்த பெண்களும் பிரித்த கல், அவள் நினைவில் வைத்திருந்த வேகன் வரிசை என்று விவரமாகச் சேர்த்தேன். திங்கட்கிழமை புறப்பட்டேன். மேட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. ரயிலைப் பார்த்து ஒருத்தி சுத்தியலைத் தூக்கி ஆட்டினாள். கன்னியம்மாளா வேறு யாராவதா என்று வெயிலில் தெரியவில்லை.

சில மாதம் கழித்து நரசிம்மலு கடிதம் எழுதினார். அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடூர்ப் பக்கத்து அந்தப் பழைய சுரங்கத்தின் வாயில் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குகிறார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குப் பச்சைக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கன்னியம்மாளைப் பத்து நாள் அழைத்துப்போய்க் காட்டச் சொன்னார்களாம். அவள் கண்ணால் பார்க்கச் சொல்லவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு சுத்தியலால் தட்டச் சொல்லி, எகிறுகிறதை ஒதுக்கக் கற்றுக்கொடுத்தாளாம். அவளுக்குத் தெலுங்கு தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவளுடைய சின்ன மாமனும் வீடு வந்து சேர்ந்துவிட்டாராம்.

அடுத்த வாரம் கொழும்பில் அறிக்கை அச்சாகி என் மேஜைக்கு வந்தது. ஒரு வரிகூட மாறாமல் என் முடிவுகள் இருந்தன. அவற்றின்கீழ் என் பெயர் இருந்தது. கன்னியம்மாள் பெயர் இருந்த இடத்தில் உள்ளூர் விசாரணையில் அறிந்தபடி என்று மூன்று சொல் இருந்தன. என் மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். கல்லுடைக்கிற பெண்ணின் பெயரை விஞ்ஞான அறிக்கையில் போடும் வழக்கம் இல்லை என்றார். நல்ல மனிதர். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் ஒரு தரம் எழுதிக் கேட்டேன், இன்னொரு தரமும் எழுதினேன். அச்சானது அச்சானதுதான்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். ஆவடியில் கொட்டிய சுரங்கக் கழிவை மதிப்பிட்டது பருத்திப்பட்டு ஏரிக்கரையைச் சேர்ந்த கன்னியம்மாள். நான் நிறுத்துப் பார்த்தேன்.